மணி அடிப்பவரின் மற்ற வேலைகள்

ஜூலை 3, வியாழன்

இன்று மதியம் ஒன்று நாற்பதுக்கு எங்கள் பள்ளியின் பதினான்கு வகுப்புகளும் ஒரே நேரத்தில் சிரித்தன. உத்தரவுப்படி.

நடந்தது இதுதான். எங்கள் பள்ளியில் எந்த அறிவிப்பும் ஒரு நீள நோட்டில்தான் வரும். பெயர் சுற்றறிக்கை. வகுப்பு வகுப்பாகச் சுற்றும், கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். மணி அடிக்கும் செல்லக்கனி அக்கா நோட்டைக் கொண்டுவந்து வாசலில் நிற்பார். டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, சத்தமாக வாசித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்த நோட்டில் இருப்பது ஏன் இருக்கிறது என்று இந்தப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை.

காலையில் நோட்டு முதலில் எங்கள் வகுப்புக்கு வந்து மேசையில் திறந்து கிடந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். சீருடைக்கும் காலணிக்கும் நடுவே ஒரு வரி காலியாக இருந்தது. "மேலும், மாணவியர் அனைவரும் ஐந்தாம் பாடவேளையின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் சிரிக்க வேண்டும்" என்று எழுதினேன். அந்த 'மேலும்'தான் என் மூளை. அது இல்லாவிட்டால் முதல் வகுப்பிலேயே மாட்டியிருப்பேன்.

பிசிக்ஸ் டீச்சர் நியூட்டன் விதியை வாசிக்கும் அதே முகத்தோடு இதையும் வாசித்தார். பத்தாம் வகுப்பில் தமிழம்மா மட்டும் அக்காவிடம், "இது கட்டாயமா, விருப்பமா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "முன்னாடி ஆறு பேரு கையெழுத்து போட்டிருக்காக டீச்சர். கட்டாயமாத்தான் இருக்கும்" என்றாராம்.

இரண்டரைக்கு எச்.எம். அறை. தலைமையாசிரியை கிரேஸ் ராஜபுஷ்பம் டீச்சர் என் ரெக்கார்டு நோட்டையும் சுற்றறிக்கை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கை அரிக்குதாட்டி ஒனக்கு?"

"லேசா, டீச்சர்."

"சரி. கிளார்க் மே மாசம் ரிட்டயர் ஆயிட்டாரு. புது ஆளு வரல. இன்னும் ஒரு மாசத்துக்கு மத்தியானம் இங்க வந்து நான் சொல்லச் சொல்ல எழுது. அரிப்பு தீந்துரும்."

திருடனைப் பிடித்து அதே ஸ்டேஷனில் ரைட்டர் ஆக்கிவிட்டார்கள். இந்தப் பெருமையைப் பதிவு செய்யவே டைரி தொடங்குகிறேன்.

ஜூலை 4, வெள்ளி

எச்.எம். சொன்னது: "அந்த எட்டு பி பிள்ளைக தண்ணி டேங்க் அடியில சோத்தக் கொட்டி வச்சிருக்குக. காக்கா வருது, நாய் வருது, இனி புலிதான் வரணும். எழுது."

நான் எழுதியது: "உணவுக் கழிவுகளை உரிய தொட்டியில் இடுமாறு மாணவியர் அறிவுறுத்தப்படுகின்றனர்."

வாயில் இருந்தபோது எட்டு பி இருந்தது, காக்கா இருந்தது, நாய் இருந்தது. நோட்டில் ஏறியதும் எல்லோரும் இறங்கிப்போய்விட்டார்கள்.

அப்படியானால் எட்டு பி-க்கு எப்படித் தெரியும்? அக்காவின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். நோட்டை நீட்டும்போதே டீச்சர்களின் காதில் ஒரு வரி சொல்கிறார். "ஒங்களுக்கு இல்ல டீச்சர், சும்மா வாசிச்சிருங்க." எட்டு பி-யில்: "ஒங்களுக்குத்தான். டேங்க் அடி. இன்னைக்கே கூட்டிருங்க, கோவமா இருக்காக."

நோட்டு பாதிதான் பேசுகிறது. மீதி அக்காவின் வாயில்.

சாயங்காலம் துணி துவைத்தேன். அப்பாவின் சட்டைப் பையில் ஒரு முழு பீடிக்கட்டு நனைந்துவிட்டது. காயவைத்து அதே பையில் வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா கண்டுபிடிக்கவில்லை. இருமினார். அம்மா திருப்பூரிலிருந்து போன் பேசினாள். கம்பெனியில் ஓவர்டைமாம். தீபாவளிக்கு வருவாளாம். சாப்பிடுகிறாயா என்றாள். யானை மாதிரி என்றேன்.

ஜூலை 7, திங்கள்

பள்ளிச் செயலர் தவசிலிங்கம் சார் வந்தார். கெட்டவர் இல்லை. புதிதாக எது வந்தாலும் வாங்கிவிடுவார், அவ்வளவுதான். போன வருடம் கைகழுவத் தானியங்கிக் குழாய் வாங்கினார். அது கையைத் தவிர எல்லாவற்றையும் கழுவியது. இந்த முறை ஒரு வெள்ளைப் பெட்டி. நேரத்தைப் பதிந்து வைத்தால் தானாகவே மணி அடிக்குமாம். சுற்றறிக்கைகளும் இனி வாட்ஸப் குழுவில் போகுமாம்.

அவர் போனதும் எச்.எம். என்னை எழுதச் சொன்னார். சத்தமே இல்லாமல் சொன்னார். அவர் குரல் தாழ்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"தானியங்கி மணி நிறுவப்படுவதாலும், சுற்றறிக்கைகள் கைபேசிக் குழு வழியே அனுப்பப்பட இருப்பதாலும், மணி அடிப்பவர் பணியிடம் ஜூலை 31 முதல் தேவையற்றதாகிறது. 18ஆம் தேதி நிர்வாகக் குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது."

"யார் பேரும் போட வேண்டாமா டீச்சர்?"

"பணியிடந்தானம்மா போகுது."

"அந்தப் பணியிடம் சேலை கட்டிட்டு வெளிய ஸ்டூல்ல உக்காந்திருக்கே டீச்சர்."

எச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவேட்டுல பதினேழு வருசமா 'மணி அடிப்பவர்'னுதான் இருக்கு. செயலர் கேக்காரு, மணிய மிஷின் அடிச்சா இவங்களுக்கு இங்க என்ன வேலைன்னு. நான் எதக் காட்டி என்ன பதில் சொல்ல? எழுது."

எழுதினேன். அக்காவின் மகள் நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அதை எந்த வரியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. காலையில் இட்லி, நான்கு. அக்கா கொடுத்தார். அவர் வீட்டில் கூடுதலாகிவிட்டதாம். போன வருடத்திலிருந்தே தினமும் கூடுதலாகிக்கொண்டிருக்கிறது. அவருக்கு மாவு அளக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

வெள்ளைப் பெட்டி சோதனை ஓட்டம். நொடி பிசகாமல் அடிக்கிறது. குறை சொல்ல எவ்வளவோ தேடினேன், கிடைக்கவில்லை.

பிரேயரில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. நாங்கள் எல்லோரும் 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார். பெட்டி அடுத்த மணியைச் சரியாக அடித்தது.

மதியம் ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அக்கா, ஒங்களுக்கு இங்க என்ன வேல?"

"தெரியாத மாதிரி கேக்க. மணி அடிக்கேன். நோட்டு கொண்டு போறேன்."

"வேற?"

"வேற என்ன, சும்மாதான இருக்கேன்." பிறகு என்னைப் பார்க்காமல், "லெட்டர் எழுதுனது நீயாம்ல? கிளார்க் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். ஒன் எழுத்து லச்சணமா இருந்துச்சு" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் பரவாயில்லை.

ஜூலை 10, வியாழன்

எச்.எம்.முக்குத் தூத்துக்குடியில் மீட்டிங். அவசரம் வந்தால் இருக்கட்டும் என்று, சுற்றறிக்கை நோட்டில் வெறும் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எப்போதும் ஊருக்குப் போவார். இன்றும் இரண்டு பக்கம் போட்டுவைத்துவிட்டுப் போனார். "மழ கிழ வந்தா லீவுன்னு எழுதிரு" என்றார்.

கோவில்பட்டியில் ஜூலையில் மழை. மேகமே சிரிக்கும்.

அனீஸ் பாத்திமாவிடம் மட்டும் சொன்னேன். என் பெஞ்சுக்காரி, எதற்கும் பயப்படுவாள்.

"டிசி கொடுத்திருவாகட்டி."

"நான் கையெழுத்து போடலயே. அவகதான் போட்டிருக்காக."

"அப்ப நீ என்ன பண்ணுத?"

"கையெழுத்துக்கு மேல கொஞ்சம் இடம் வீணா கெடக்கு. அத நிரப்புதேன்."

எழுதியது: "நிர்வாகக் குழுவின் பார்வைக்காகத் தகவல் திரட்டப்படுகிறது. மணி அடிப்பவர் திருமதி சு. செல்லக்கனி அவர்களுக்கு ஜூன் முதல் இன்றுவரை தாங்கள் இட்ட பணிகள், தாங்கள் இடாமலே அவர் செய்த பணிகள் ஆகியவற்றைக் கீழ்க்கண்ட கட்டத்தில் நிரப்பிக் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். பின்பக்கத்திலும் போட்டேன். கட்டத்தைப் பார்த்தால் டீச்சர்களுக்குக் கை நிற்காது என்பது எனக்குத் தெரியும்.

நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோனது அக்காதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. இன்று திட்டுவதற்கு எச்.எம். இல்லாததால் காதில் சொல்லவும் அவருக்கு ஒன்றும் இல்லை.

சிரிக்கச் சொன்னபோது வராத பயம் இன்று வந்தது. இதை ஒரு விளையாட்டாகத்தான் செய்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

நோட்டு திரும்பி வந்தது. கட்டம் போதாமல் ஓரத்தில், குறுக்கில், அட்டையின் உள்பக்கத்தில்கூட எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் நான்கு எழுதியிருந்தால் இவர் ஐந்து எழுதியிருக்கிறார்.

பிசிக்ஸ் டீச்சர்: "ஆய்வகத்தில் பாம்பு வந்தபோது விரட்டியது. பாம்பு இல்லை, ஒயர் என்று தெரிந்தபின் வெளியில் சொல்லாமல் இருந்தது."

கணக்கு டீச்சர்: "நான் பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கும்போது பி.டி. டீச்சரைச் சமாதானம் செய்தல். வாரம் மூன்று முறை." களவாணித்தனத்தைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட ஒரே கணக்கு டீச்சர் இவராகத்தான் இருப்பார்.

ஆறாம் வகுப்பு டீச்சர்: "புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அழும்போது மணி அடிக்கவிடுதல்."

தமிழம்மா ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். கடைசி வரி: "என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் என் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசிக்கக் கொடுத்து உட்கார்ந்திருந்தது. நான் சொல்லவில்லை. இதுவரை நன்றியும் சொல்லவில்லை."

இதை வாசித்ததும் கண்ணில் தூசி விழுந்தது. எங்கள் ஊரில் காற்று அதிகம்.

எல்லாவற்றையும் விடப் பெரியது கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நோட்டு எச்.எம். மேசைக்குப் போகும். அவர் ஒரு டிக் போட்டு மூடுவார். காலையில் தூத்துக்குடிக் களைப்போடு வந்தவர் கட்டத்தைப் பார்த்திருக்கிறார், தானும் நிரப்பிவிட்டார். "நான் கோபமாக இருக்கும் நாட்களில் பெற்றோரை வராந்தாவிலேயே பேசி அனுப்புதல். எனக்கு மாத்திரை நினைவூட்டல். கி. ராஜபுஷ்பம்."

தான் அனுப்பாத அறிக்கைக்குத் தானே பதில் எழுதியிருக்கிறார். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வெற்றி வரப்போவதில்லை.

ஜூலை 14, திங்கள்

மாட்டிக்கொண்டேன்.

செயலர் போன் செய்து, "என்ன டீச்சர், எனக்காக ஏதோ தகவல் திரட்டுறீங்களாமே" என்றிருக்கிறார். கணக்கு டீச்சர் பெருமையாகச் சொல்லிவிட்டார் போல.

எச்.எம். நோட்டை என் முன்னால் விரித்தார். "இத அனுப்புனது யாரு?"

"நீங்கதான் டீச்சர். கையெழுத்து இருக்கு."

"நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லல டீச்சர். கையெழுத்து மட்டும்தான் போட்டீங்க."

மூன்றாம் மாடி வரை கேட்கப்போகிறது என்று காதைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் அவர் முதல் கட்டத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். என்னை நிற்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வாசித்தார். பாம்பில் வாய் கோணியது. தமிழம்மா பக்கத்தில் கண்ணாடி கழன்றது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், "இத எவ எழுதுனா" என்று தொடங்கி, தன் கையெழுத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"போலின்னு சொன்னா, வெறும் பக்கத்துல கையெழுத்து போட்டு வச்சத சொல்லணும்" என்றார் என்னிடம் இல்லை, ஃபேனிடம்.

"ஆமா டீச்சர்" என்றேன் ஃபேனுக்குப் பதிலாக.

"வாய மூடு. நீ பண்ணுனது தப்பு. தப்பு இல்லன்னு நெனைச்சிராத. அந்த ஒரு மாசத் தண்டன இனி ரெண்டு மாசம்." பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். "வியாழக்கிழமைக்குள்ள இத நல்ல பேப்பர்ல எழுதிக் கொண்டா. நம்பர் போட்டு. அடித்தல் திருத்தல் இருந்தா தோல உரிச்சிருவேன்."

ஜூலை 16, புதன்

ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்தும் நாற்பத்து மூன்று வந்தது. அக்காவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நின்றுகொண்டே முழுதும் வாசித்தார்.

"எங்கிட்ட கேட்டியாட்டி?"

"இல்லக்கா."

"லெட்டரும் என்னக் கேட்டு எழுதல. இதும் என்னக் கேட்டு எழுதல. அவுகளுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?"

பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து என் பேனாவை வாங்கினார். பத்தொன்பதாவதை அடித்தார். அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் பாவாடை மாற்றக் கொடுத்தது இருந்தது. "பேரு இல்லன்னாலும் யாருன்னு தெரிஞ்சிரும். அவ அப்பன் கமிட்டில இருக்கான்." இருபத்தேழாவதையும் அடித்தார். ஒரு டீச்சர் அழுதது அது. மீதியை மெதுவாக இன்னொரு முறை வாசித்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"நாப்பத்தொண்ணு" என்றார். "நான் சும்மா இருக்கேன்னுல்ல நெனைச்சிட்டு இருந்தேன்."

"இன்னும் ஒண்ணு சேக்கணும்க்கா. நான்தான் விட்டுட்டேன். காலைல டெய்லி இட்லி..."

"அத எழுதிராத."

"ஏங்க்கா?"

"அது வேலையா?" என்று கேட்டு முறைத்தார். நோட்டால் தலையில் ஒன்று வைத்துவிட்டு எழுந்து போனார். வலித்தது. அதனால்தான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

நிர்வாகக் குழு. ஐந்து பேர், ஐந்து டீ, ஒரு தட்டு முறுக்கு. "ஒன் எழுத்த நீயே வாசி" என்று எச்.எம். என்னை உள்ளே இழுத்துவிட்டார். அக்கா வெளியே ஸ்டூலில். கதவைச் சாத்தவில்லை.

முதலில் நான் எழுதிய பழைய கடிதத்தைச் செயலர் வாசித்தார். நான்கு வரி. எல்லோரும் முறுக்கைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். ஒரு ஆளை அனுப்ப ஒரு முறுக்கு நேரம் போதும்.

பிறகு நான் எழுந்தேன். ஒன்று முதல். எட்டாவதில் முறுக்குச் சத்தம் நின்றது. பதினாலாவது, மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிப்போய்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. அங்கே குழுவில் ஒருவரான ரைஸ்மில் பெரியவர் கையைத் தூக்கினார்.

"இரு தாயி. போன மார்கழில ஏம் பேத்தியத் தூக்கிட்டு ஓடுனது இந்தப் பொம்பளையா?"

"ஆமா ஐயா."

"வேய் தவசிலிங்கம், மணி அடிக்கிற ஆளுன்னுல்ல சொன்னீரு?"

செயலர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "அப்படித்தான் அண்ணாச்சி எழுதியிருக்கு."

"எழுதியிருக்கத நம்புவீரா, நடக்கத நம்புவீரா?"

"கமிட்டில எழுதியிருக்கறதத்தான அண்ணாச்சி பாக்க முடியும்" என்றார் செயலர் பாவமாக. பிறகு என் பேப்பரைப் பார்த்தார். "இப்ப இதும் எழுதியிருக்கு."

நாற்பத்தொன்றும் வாசித்து முடித்தேன். வேலை போகாது என்று முடிவாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்கு முக்கால் மணி நேரம். செயலர் 'பல்நோக்குப் பணியாளர்' என்றார். பல்லை நோக்குகிறவர் டாக்டர் என்று என் வாய் முந்திவிட்டது. எச்.எம். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். 'பொது உதவியாளர்', 'வளாக அலுவலர்' என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எச்.எம்., "பேரு எதையும் வைங்க. கீழ இந்த நாப்பத்தொண்ணையும் ஒட்டிருங்க. அடுத்து வாரவுக பேர மட்டும் பாத்து ஏமாற வேண்டாம்" என்றார். 'அலுவலக உதவியாளர்' என்று முடிந்தது.

வெளியே வந்து சொன்னேன். அக்கா உடனே மகளுக்குப் போன் போட்டார். "அலுவலக உதவியாளர் பேசுறேன்" என்றார். அந்தப் பக்கம் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 21, திங்கள்

பட்டியலின் ஒரு நகலை அக்கா லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

பத்தரைக்குப் பிசிக்ஸ் டீச்சர் வடை வாங்கிவரச் சொன்னார். அக்கா அட்டையை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். "இல்லயே டீச்சர்." பதினொன்றரைக்குக் கணக்கு டீச்சர் வந்து பி.டி. பீரியட் பற்றிப் பேசினார். "அது இருக்கு. பன்னெண்டாவது. ஆனா 'சமாதானம் செய்தல்'னுதான் இருக்கு, 'வாங்கித் தருதல்'னு இல்ல." எங்களுக்கு இன்று பி.டி. நடந்தது. பந்து இருக்கும் அறைச் சாவியையே தேடவேண்டியிருந்தது, அவ்வளவு நாளாயிற்று.

மூன்றே முக்காலுக்கு மைதானத்தில் ஓர் ஆடு நுழைந்தது. பத்தாம் வகுப்பு ஜன்னலில் உலர வைத்திருந்த சார்ட் பேப்பரில் இந்திய வரைபடத்தை மேய ஆரம்பித்தது. எச்.எம். வராந்தாவிலிருந்து கத்தினார், இந்த முறை மூன்றாம் மாடிக்கும் மேலே.

"செல்லக்கனி, அந்த ஆட்ட வெரட்டு."

அக்கா அட்டையைத் தூக்கினார். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை பார்த்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். "பாம்பு இருக்கு டீச்சர். கொரங்கு இருக்கு. ஆடு இல்ல."

"என்னட்டி எழுதியிருக்க?" என்று எச்.எம். என்னிடம் திரும்பினார்.

"யாரும் ஆட்டக் கட்டத்துல எழுதல டீச்சர். நீங்களும்தான்."

ஆடு அதற்குள் குஜராத்தை முடித்திருந்தது. எச்.எம். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், குடையை எடுத்தார், தானே இறங்கினார். வகுப்புகளிலிருந்து ஒவ்வொருவராக வராந்தாவுக்கு வந்தார்கள். டீச்சர்களும் வந்தார்கள். ஆடு கொடிக்கம்பத்தைச் சுற்றியது, எச்.எம். ஆட்டைச் சுற்றினார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து, "எடது பக்கமா வாங்க டீச்சர், அது ஒங்களப் பாத்து நிக்குது" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

எச்.எம். மூச்சு வாங்க நின்று, குடையை ஊன்றிக்கொண்டு, "ஏ செல்லக்கனி" என்றார். உத்தரவு மாதிரி இல்லை. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவது மாதிரி.

அக்கா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் கால் வைக்காமல் ஒரே தாவலாகக் குதித்தார்.

வெள்ளைப் பெட்டி சரியாக நாலு பத்துக்குக் கடைசி மணியை அடித்தது. பதினான்கு வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கிளம்பவில்லை.